நந்தன் போன வழியில், சைக்கிளை விட்டு இறங்காமல்

காவிரிப் படுகை சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். மேடு பள்ளம் இல்லை. ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு பாடல் பெற்ற தலம் வந்துவிடும். வழியெங்கும் டீக்கடையும் பங்க்சர் கடையும் உண்டு. அதனால்தான் நகரங்களிலிருந்து சைக்கிள் குழுக்கள் கும்பகோணம், மயிலாடுதுறை, சீர்காழி, சிதம்பரம் என்று கிளம்பி வருகின்றன. ஆற்றங்கரையோரம் போவது, பழைய யாத்திரை வழிகளைத் தேடிப் போவது என்று அவர்கள் போடும் திட்டங்கள் நல்லவைதான். காரில் பறக்கிறவனைவிட சைக்கிளில் போகிறவன் ஊரை நின்று பார்ப்பான்.

ஆனால் அவர்கள் போடும் வரைபடங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் தோழர்களே. கோயில் இருக்கும். தெப்பக்குளம் இருக்கும். திண்ணை வைத்த அக்கிரகாரத்து வீடு இருக்கும். நல்ல காபி கிடைக்கும் இடம்கூட இருக்கும். சேரி இருக்காது. பாதை ஊருக்குள் நுழைந்து ஊருக்குள்ளேயே சுற்றி, ஊர் வழியாகவே வெளியேறிவிடும். ஆயிரம் ஆண்டுகளாக நாற்று நட்டவர்களும், களம் அடித்தவர்களும், கோயில் பறைக்குத் தோல் கொடுத்தவர்களும் குடியிருக்கும் தெரு அந்தப் பாதையில் வருவதே இல்லை. யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். திட்டமிடாமலே ஒதுக்க முடிகிறது என்பதுதான் சாதியின் பலம்.

நான் சொல்ல வருவது இதுதான். கொள்ளிடக் கரையில் யாத்திரை வழி என்று ஒரு சைக்கிள் பாதை போடுவதானால், முதலில் போட வேண்டியது நந்தன் போன பாதையை. அந்தப் பாதை சேரியில் தொடங்கிப் பள்ளிக்கூடத்தில் முடிய வேண்டும். அதைப் போட வேண்டியவர்கள் சுற்றுலாத் துறையினர் அல்ல, நீங்கள்.

சட்டத்தில் ஏறிய சைக்கிள்

சைக்கிள் என்பது பலருக்கு உடற்பயிற்சி. நமக்கு அது உரிமைப் பிரச்சினை. மிகையாகச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)இன் கீழ் 'இசட்-ஏ' என்று ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. எவற்றைத் தடுத்தால் குற்றம் என்று அது பட்டியல் போடுகிறது: ஆறு, குளம், கிணறு, குழாய், சுடுகாடு, சாலை. பொதுஇடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவது. செருப்பு அணிவது. புதுத் துணி உடுத்துவது. கல்யாண ஊர்வலம் போவது. பொதுவான வழிபாட்டு இடத்துக்குள் நுழைவது. சமய ஊர்வலத்தில் கலந்துகொள்வது.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 21ஆம் நூற்றாண்டில் ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து, 'சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்காதே' என்று எழுத வேண்டியிருந்தது. தேவை இல்லாமல் யாரும் இப்படி எழுதுவதில்லை. ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கு, செருப்பைக் கழற்றிக் கையில் எடு, தள்ளிக்கொண்டே போ என்ற கட்டளை தமிழகக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. தீண்டாமைக் கொடுமைகளைப் பற்றி இங்கே களஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்த ஒன்று அது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். சில ஊர்களில் உங்கள் அண்ணனைக் கேட்டாலே போதும்.

இதற்கு முன்கதை உண்டு. 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொது இடங்களிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடை கூடாது என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் வந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் தொடங்கியது. பிறகு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்ற வரிசையில் சாலையும் இடம்பிடித்தது. 1924இல் 'சாலையில் நடக்க விடு' என்ற தீர்மானம், 2016இல் 'சாலையில் சைக்கிள் ஓட்ட விடு' என்ற சட்டப்பிரிவு. இரண்டுக்கும் நடுவே 92 ஆண்டுகள்.

இன்னொரு பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கூலிவேலை செய்கிறவர்களும் கல்குவாரியில் உடைக்கிறவர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறினார்கள். 2001-02இல் தமிழக அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, மேல்நிலைப் படிப்புக்கு வந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான் முதலில் கொடுத்தது. மற்றவர்களுக்கு விரிவானது பிறகுதான். தெருவில் இறங்கித் தள்ளச் சொல்லப்பட்டவர்களின் பேத்திகள் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போனார்கள். இந்த வரலாறு எந்தப் பாரம்பரிய சைக்கிள் பயணத்தின் கையேட்டிலும் வராது.

கொள்ளிடக் கரையின் யாத்ரீகன்

இப்போது நந்தனுக்கு வருவோம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் நந்தன் கொள்ளிடக் கரையின் ஆதனூர்க்காரர். அவர் குடியிருந்த புலைப்பாடியைச் சேக்கிழார் விவரமாகவே எழுதியிருக்கிறார். மருத மர நிழலில் தோலின் மேல் குழந்தையைத் தூங்க வைக்கும் உழத்தி, மாமரத்தில் தொங்கும் பறை, மண்ணில் புதைத்த பானைக்குள் அடைகாக்கும் கோழி, நாய்க்குட்டிகள். இன்றைய சுற்றுலா வரைபடம் போடுகிறவர்கள் தாண்டிப் போகும் தெருவுக்குள் அந்த வேளாளப் புலவர் எட்டிப் பார்த்திருக்கிறார். அதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

நந்தனின் தொழில், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் வெளியே நிற்பார். திருப்புன்கூரில் வாசலில் நின்று பார்த்தார். நந்தி மறைத்தது. நந்தி விலகியது என்கிறது புராணம். கவனியுங்கள், நந்திதான் விலகியது. கதவோ சாதியோ விலகவில்லை. அந்த ஊரில் அவர் ஒரு குளமும் வெட்டினார்.

அடுத்தது தில்லை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைக் கடத்தினார். அதனால் திருநாளைப்போவார் என்று பெயரே வந்துவிட்டது. பெயரை விளக்குகிறவர்கள் அவருடைய ஏக்கத்தைப் பேசுவார்கள். அவரைப் போக விடாதது எது என்ற கேள்வியை அடக்கி வாசிப்பார்கள். கடைசியில் போனார். ஊர் எல்லையை இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர உள்ளே நுழையத் துணியவில்லை. பிறகு தெற்கு மதிலுக்கு வெளியே, வாசலுக்கு எதிரே, நெருப்பு மூட்டினார்கள். அதற்குள் இறங்கிப் பூணூலோடு முனிவராக வெளியே வந்து கோயிலுக்குள் போனார் என்று கதை முடிகிறது. புலையனாக அவர் உள்ளே போகவே இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதையைக் கீர்த்தனையாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவர் பண்ணையாராக அதில் வந்து சேர்ந்தார். விடுப்புக் கேட்டால் அறுவடையை முடி என்று விரட்டும் பண்ணை அது. பாரதி பக்திக்காகத்தான் எழுதினார், ஆனால் பண்ணையடிமை முறை பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கதையையே ஏற்கவில்லை. நந்தன் அடிமை அல்ல, பௌத்த அரசன் என்று எழுதினார். ஒரு நந்தன்மேல் இத்தனை கை படிந்திருக்கிறது என்றால், அந்தப் பாதை யாருடையது என்ற சண்டை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

எரிக்கப்பட்டவன் வழியில் நமக்கென்ன வேலை?

நம் பக்கத்திலிருந்தே இந்தக் கேள்வி வரும். வர வேண்டும். நெருப்பில் இறக்கப்பட்ட ஒருவனைப் பக்தன் என்று கொண்டாடும் கதையை நாம் ஏன் மறுபடி சுமக்க வேண்டும்? கோயில் நுழைவா நம் விடுதலை?

என் பதில்: பாதையில் போவது வேறு, கதையை ஏற்பது வேறு. குற்றம் நடந்த இடத்துக்குப் போகிறவன் குற்றத்தைக் கொண்டாடப் போவதில்லை. திருப்புன்கூரிலிருந்து வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி வழியாகக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சிதம்பரம் போனால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சைக்கிளில் ஒரு காலைப்பொழுது. நந்தனுக்கு இதே போன்ற தூரம் ஒரு வாழ்நாள் எடுத்தது. அந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் காலால் மிதித்துத் தெரிந்துகொள்வது மனசில் நிற்கும்.

அந்த வழி சிதம்பரம் கோயில் வாசலோடு முடிய வேண்டியதும் இல்லை. அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தன் பெயரில் பள்ளி தொடங்கினார். ஆரணிப் பக்கம் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, துறவியாகி, சட்டமன்றம் வரை போய் 1959இல் மறைந்தவர். நந்தன் பெயரால் அவர் செய்தது, பிள்ளைகளை வகுப்பறைக்குள் அனுப்பியது. தலைமுறை தலைமுறையாகக் கடலூர், தஞ்சைப் பக்கத்துச் சேரிப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். நந்தன் பாதை என்று ஒன்று இருந்தால், அதன் கடைசி மைல்கல் அந்தப் பள்ளிக்கூடமாகத்தான் இருக்க வேண்டும்.

கோயில் பிரச்சினையும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2022இல் சிதம்பரத்தில் கனகசபை மீது ஏறி வழிபடப் போன தலித் பெண் ஒருவர் தடுக்கப்பட்டதாகப் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கனகசபையில் பக்தர்கள் ஏறி வழிபடலாம் என்று அந்த ஆண்டு மே மாதம் அரசாணை போட வேண்டியிருந்தது. சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம். தடுப்பது யாருடைய உரிமையும் அல்ல.

சாந்தியாகோ பாதையில் ஒரு சேரி

யாத்திரை வழியை சைக்கிள் பாதையாக்குவதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம், ஸ்பெயினில் சாந்தியாகோ கோயிலுக்குப் போகும் பாதைகள். காட்டட்டும். ஆனால் முழுசாகக் காட்டட்டும்.

அந்தப் பாதைகளில் ஒன்று, பிரான்சின் பயோன் நகரிலிருந்து பிரனீஸ் மலையைத் தாண்டி, பாஸ்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக பாம்ப்லோனா போகிறது. இதே ஆறு கீழே போனதும் பிதாசோவா என்று பெயர் மாறும். அங்கே பழைய ரயில் தடம் ஒன்று சைக்கிளுக்கும் நடைக்கும் பாதையாகிவிட்டது. பச்சைப் பள்ளத்தாக்கு, கல் வீடுகள், அழகான ஊர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அரிஸ்குன் என்ற ஊரை ஒட்டி பொசாத்தே என்று ஒரு குடியிருப்பு உண்டு. அது அகோத்தே மக்களின் சேரி.

அகோத்தே மக்களும் கிறிஸ்தவர்கள்தான். நிறம் வேறில்லை, மொழி வேறில்லை, மதம் வேறில்லை. ஆனாலும் நூற்றாண்டுக்கணக்கில் அவர்கள் தொட்டால் தீட்டு. தேவாலயத்தில் அவர்களுக்குத் தனி வாசல், தனி இடம், தனித் தீர்த்தத் தொட்டி. மற்றவர்களோடு கல்யாணம் கிடையாது. தச்சும் கல்வேலையும் போன்ற சில தொழில்களே அவர்களுக்கு விடப்பட்டன. பிரான்ஸ் பக்கம் இதே மக்களை ககோ என்று அழைத்தார்கள். அங்கேயும் அவர்களுக்கென்று தனி வாசல் வைத்த பழைய தேவாலயங்கள் உண்டு. 1515இல் போப் பத்தாம் லியோவே இவர்களை மற்றவர்களைப் போல நடத்துங்கள் என்று ஆணை அனுப்பினார். நடக்கவில்லை. நவார்ரா சட்டமன்றம் இந்த ஒதுக்கலைச் சட்டப்படி ஒழித்தது 1817-18இல். போப் சொல்லியும் 300 ஆண்டுகள்.

இன்று பொசாத்தேயில் அந்த மக்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. பயணிகள் அங்கே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பள்ளத்தாக்கின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. ஐரோப்பாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. யாத்திரைப் பாதையில் தீண்டாமையின் இடத்தையும் ஒரு நிறுத்தமாக வைக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அங்கே முடிந்தது கொள்ளிடக் கரையில் ஏன் முடியாது?

சேரி வேடிக்கைப் பொருள் அல்ல

ஓர் எச்சரிக்கை. சேரி வழியாகப் பாதை போட வேண்டும் என்று சொன்னவுடன் கேமராவோடு கிளம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வறுமையைப் படம் பிடித்து லைக் வாங்குகிறவர்கள். அது ஒதுக்குவதைவிட மோசம்.

எனவே சில விதிகளைச் சொல்லிவிடுகிறேன். பாதை தங்கள் தெரு வழியாகப் போகலாமா என்பதை அந்தத் தெருக்காரர்கள் முடிவு செய்ய வேண்டும். வழிகாட்டி அந்தத் தெருப் பிள்ளையாக இருக்க வேண்டும், அவருக்குக் கூலி உண்டு. சாப்பாடு அந்தத் தெருவில் சாப்பிடுங்கள், காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். சைக்கிள் ரிப்பேரும் டீயும் அங்கேயே. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். யார் வீட்டு வறுமையையும் விளக்கச் சொல்லாதீர்கள். அங்கே இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கதைகள் வேறு: பறை அடிக்க மாட்டோம் என்று என்றைக்கு நிறுத்தினார்கள், முதலில் பட்டம் வாங்கியது யார், முதல் சைக்கிள் யார் வீட்டுக்கு வந்தது.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவர்கள் பத்துப் பேர் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கொள்ளிடக் கரையில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் வழியை சைக்கிளில் போய்ப் பாருங்கள். தார் எங்கே முடிகிறது, தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு நிற்கிறது, பேருந்து எங்கே நிற்கிறது, வெள்ளம் வந்தால் முதலில் தண்ணீர் எங்கே ஏறும், சுடுகாட்டுக்குப் பிணம் எந்த வழியாகப் போகிறது, டீக்கடையில் என்ன டம்ளர். எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் வரைபடத்தில் அந்தத் தெருவுக்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தெருக்காரர்கள் சொல்லும் பெயரைச் சேருங்கள். இப்படிப் பத்து ஊர் சேர்ந்தால் நந்தன் பாதையின் வரைபடம் தயார். அதே காகிதம் கிராம சபையில் வைக்கும் மனுவுக்கு ஆதாரமும் ஆகும்.

யாராவது தடுத்தால்? 'இந்தத் தெருவில் சைக்கிளில் போகாதே' என்று ஒருவர் சொன்னால் கைகலப்பு வேண்டாம். கூட்டமாகவே இருங்கள். நேரம், இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் காவல் நிலையத்தில் 3(1) இசட்-ஏ என்று உட்பிரிவைப் பெயர் சொல்லிப் புகார் கொடுங்கள். இந்த வழக்கை விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி. புகாரைப் பதிவு செய்யாமல் தட்டிக் கழிக்கும் பொதுஊழியர் மீது நான்காம் பிரிவு இருக்கிறது, ஆனால் அவரும் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் அது பொருந்தாது. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. இதை எல்லோரும் செல்போனில் பதிந்து வையுங்கள்.

வெளியூரிலிருந்து வரும் சைக்கிள் குழுக்களோடு சண்டை போட வேண்டியதில்லை. அவர்களில் நல்ல மனசுக்காரர்கள் நிறைய. உங்கள் வரைபடத்தை அவர்களிடம் கொடுங்கள். எங்கள் தெரு வழியாகவும் வாருங்கள் என்று கூப்பிடுங்கள். வருகிறவர்கள் யார், நழுவுகிறவர்கள் யார் என்று அப்போது தெரிந்துவிடும்.

ஊருக்கு வெளியே சுற்றிச் சுற்றி வந்து, நாளைப் போவேன் என்று சொல்ல வைக்கப்பட்டவர் நந்தன். சாலை பொது என்று அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. சைக்கிளும் சட்டத்தில் ஏறிவிட்டது. நமக்கு இனி நாளை என்ற கணக்கு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள். காற்று அடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கச்சிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தத் தெருவிலும் இறங்காதீர்கள்.

ஜெய்பீம்.